பாதி வெட்டிய மாத்திரை அட்டை

அம்மாவைக் கிட்னி டாக்டரிடம் காட்டுவதற்காகக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு மூன்று தடவை போனோம். அதில் முதல் தடவை சுத்தமாக வீண்.

காலில் வீக்கம். ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் 1.9; கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ஏறும் எண் அது. இங்கே சுகருக்குப் பார்க்கும் டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்த மறுநாளே ஐந்தரை மணி பஸ் பிடித்துவிட்டோம். அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போது, இன்றைக்கு முதல் டோக்கன் நமக்குத்தான் என்று எனக்கு ஒரே பெருமை. இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்று ஜன்னலுக்கு வந்தால், உள்ளே இருந்தவர் கடிதத்தைப் பிரிக்கக்கூட இல்லை. "கிட்னி ஓபி செவ்வாய், வெள்ளிதான். போர்டு பார்க்கலையா?" அன்று வியாழன். போர்டு இருந்ததென்னவோ உண்மைதான். மாடிப்படிக்குக் கீழே, சாய்த்து வைத்த ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால்.

அதோடு போகவில்லை. ரத்தம் எடுப்பார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அம்மா வெறும் வயிற்றில் வந்திருந்தார், சுகர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு. பஸ் ஸ்டாண்டு திரும்புவதற்குள் வேர்த்துக் கொட்டி, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. டீக்கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்து, கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் முகம் தெளிந்தது. கிரியாட்டினினுக்கோ, மூன்று மாத சர்க்கரையைச் சொல்லும் ஹெச்பிஏ1சிக்கோ வெறும் வயிறு தேவையே இல்லை. ஃபாஸ்டிங் சுகர் ஒன்றுக்குத்தான் 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். அதை உள்ளூர் லேபிலேயே எடுத்துக்கொண்டு போய்விடலாம். சர்க்கரைக்காரர்களைக் கூட்டிப் போகிறவர்கள் பையில் பிஸ்கட் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

நடுவில் இன்னொரு கூத்து. ரிப்போர்ட் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும் என்று மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் லேமினேட் பண்ணக் கொடுத்தேன். ஈசிஜி மட்டும் கரிக்கட்டை மாதிரி கறுப்பாக வெளியே வந்தது. அந்தத் தாள் சூடு பட்டால் கறுத்துவிடும் வகையாம். நகல் எடுத்து வைத்திருந்தால் போதும்.

அடுத்த செவ்வாய் சிக்கல் இல்லாமல் உள்ளே போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "போன வருஷம் கிரியாட்டினின் எவ்வளவு?" நான் முழித்தேன். பழைய ரிப்போர்ட்டெல்லாம் போகிக்கு வீடு ஒழித்தபோதே போய்விட்டது. 1.9 என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு இது பல வருஷமாக மெல்ல ஏறியதா, திடீரென்று ஏறியதா என்று சொல்ல முடியாதாம். வெளியே ஓடிவந்து கடலூர் லேபுக்கு போன் போட்டேன். அம்மாவின் போன் நம்பரைச் சொன்னதும் அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தேடி, பத்தே நிமிடத்தில் பழைய ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். 14 மாதத்துக்கு முன்னால் 1.1. மூன்று பயணத்திலும் நான் உருப்படியாகச் செய்தது இந்த ஒரு வேலைதான்.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நடுவுல என்ன ஆச்சு? வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?"

"சுகருக்கும் பிரஷருக்கும் மட்டும்தான் சார்."

"முட்டி வலிக்கு?"

"அது தினம் ஒண்ணு போட்டுப்பேன்" என்றார் அம்மா, அதெல்லாம் மாத்திரைக் கணக்கிலேயே வராது என்பது போல. சுருக்குப் பையிலிருந்து பாக்குப் பொட்டலத்தோடு ஒரு அட்டைத் துண்டும் வந்தது. கடையில் நாலு மாத்திரைக்குக் கத்தரித்துக் கொடுத்தது. பெயரின் தலை கடையிலேயே நின்றுவிட, 'ஃபெனாக்' என்ற வால் மட்டும் மிச்சம். டைக்ளோஃபெனாக்கா, அசெக்ளோஃபெனாக்கா? "எதுவா இருந்தாலும் இனிமே தொடாதீங்க. ரெண்டுமே கிட்னிக்கு ஆகாது" என்றார். ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. ஆகவே கிளம்பும் முன் மாத்திரை டப்பாவோடு நிற்காமல் தலையணை அடி, சாமி மாடம், சுருக்குப் பை எல்லாவற்றையும் துழாவுங்கள். நாட்டு மருந்து, லேகியம் இருந்தாலும் எடுத்துப் போங்கள்.

இவ்வளவு நடந்தும் ஒன்றில் கோட்டை விட்டேன். டாக்டர் புதிதாக ஒரு பிரஷர் மாத்திரை எழுதியிருந்தார். பழையதை நிறுத்த வேண்டுமா, இரண்டையும் சேர்த்துப் போட வேண்டுமா? வீட்டுக்கு வந்து அட்டையைப் பிரிக்கும்போதுதான் கேள்வியே உதித்தது. சீட்டில் இருந்த நம்பரை அடித்து அடித்துப் பார்த்தேன், எடுக்க ஆளில்லை. கடைசியில் கடலூர் டாக்டரிடம் சீட்டைக் காட்டித் தெளிந்தோம். இப்போதெல்லாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை டோக்கனுக்குப் பின்னாலேயே எழுதி வைத்துக்கொள்கிறேன். முதல் கேள்வி எப்போதும் இதுதான்: பழையதில் எதை நிறுத்தணும்?

பதினைந்து நாள் கழித்து மூன்றாவது நடை. கிரியாட்டினின் 1.4. முட்டி வலிக்கு இப்போது டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால்தான்.

போன வாரம் திருப்பாதிரிப்புலியூர் மெடிக்கலில் வழக்கம்போல் கத்தரிக்கோலை எடுத்திருக்கிறார் கடைக்காரர். "வெட்டாத தம்பி, முழு அட்டையா குடு. பேரு தெரியணும்" என்று அம்மா தடுத்துவிட்டாராம்.