குழி தோண்டாத ஒரு நாள்

ரோடு வேலையில் எனக்குப் பிடித்த நேரம் குழி தோண்டுகிற நேரம்தான். ஜல்லி பரப்பி, கிராவல் தூவி, தண்ணீர் விட்டு, ரோலர் ஏறி இறங்கிய பிறகு ஓவர்சியரான நான், நினைத்த இடத்தில் நின்று "இங்கே தோண்டு" என்பேன். மஸ்தூர் கடப்பாரையால் நெம்பி எடுப்பார். குழிக்குள் டேப்பை விட்டு அளக்க வேண்டும். எஸ்டிமேட்டில் ஜல்லியின் கனம் 75 மில்லிமீட்டர் என்றிருந்தால் 75 இருக்க வேண்டும். மேலே நின்று பார்க்கிறவனுக்கு 75-ம் 55-ம் ஒன்றுதான். தோண்டினால்தான் தெரியும். அந்த அளவு எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏறி என் கையெழுத்து விழுந்தால்தான் கான்ட்ராக்டருக்குப் பில் பாஸாகும்.

1984-ல் வேலையில் சேர்ந்தேன். கிராமத்து ரோடுகளிலேயே என் சர்வீஸ் முழுவதும் போனது. சேர்ந்த மூன்றாவது மாதம் முதல் கவர் வந்தது. கான்ட்ராக்டர் கெட்டவர் இல்லை. எல்லாருக்கும் கொடுப்பதைப் போல எனக்கும் கொடுத்தார், அவ்வளவுதான். "வேண்டாம் அண்ணாச்சி, நான் இயேசுவை நம்புகிறவன், இது என்னால் முடியாது" என்றேன். அந்த வயதில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்திருந்தது. வாங்க மாட்டேன் என்பதும், ஏன் வாங்க மாட்டேன் என்பதும் எனக்கு ஒரே வாக்கியமாக இருந்தது. அது பிறகு எப்படி இரண்டாக உடைந்தது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். அம்மா ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். அது மிஷனரிகளுக்கு. வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தக் கைப்பிடி குறைந்ததில்லை. எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியாவின் கதையைத் தாத்தா சொல்லிக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். தாத்தா உபதேசியாராக இருந்தவர். 1902-ல் அசரியா யாழ்ப்பாணம் போயிருந்தபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில் வெளியே ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். திருநெல்வேலிச் சபைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது, நாம் யாரையும் அனுப்பவில்லையே என்று அவருக்கு உறுத்தியது. அடுத்த வருடமே, 1903-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவானது. பனையேறிக் குடும்பங்களின் கைப்பிடி அரிசியை நம்பி, தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்கு ஆள் போனது. பிறகு அசரியாவே அங்கே போனார். 1912-ல் தோர்ணக்கல்லின் பேராயரானார்.

தாத்தா மறக்காமல் சொல்லும் இடம் ஒன்று உண்டு. தோர்ணக்கல்லில் திருமுழுக்குப் பெற்றவர்களை அசரியா தங்கள் கையைத் தங்கள் தலையிலேயே வைத்துச் சொல்லச் செய்வாராம்: "நான் ஞானஸ்நானம் பெற்றவன். சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ." எழுதப் படிக்கத் தெரியாத கூலி வேலைக்காரர்கள் அதைச் சொன்னார்கள், சொன்னபடி பக்கத்து ஊர்களுக்கு நடந்தும் போனார்கள். தாத்தா இதைச் சொல்லும்போது தன் கையையும் தலையில் வைத்துக்கொள்வார். எனக்கும் அது பழக்கமாகிவிட்டது.

முதல் பத்து வருடம் எனக்கு அப்படித்தான் போனது. சனிக்கிழமை மாலை பஸ் ஸ்டாண்டில் கைப்பிரதி (இயேசுவைப் பற்றிய துண்டுப் பிரசுரம்) கொடுப்போம், ஞாயிறு ஆராதனை முடிந்து ஏதாவது கிராமத்துக்குச் சைக்கிளில் போவோம். கவர் வாங்காததற்காக ஒரு முறை தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றினார்கள். உண்மையிலேயே தண்ணீர் இல்லாத ஊர். இரண்டு வருடம் குடும்பத்தை விட்டு அங்கே இருந்தேன். திரும்பிப் பார்த்தால் நான் அதிகம் ஜெபித்ததும் அதிகம் பேசியதும் அந்த இரண்டு வருடத்தில்தான். எதிர்ப்பு வந்தால் வைராக்கியம் குறையும் என்று நினைக்கிறோம். எனக்கு அப்படி நடக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு தவறும் செய்தேன். ஆயுதபூஜை அன்று ஆபீசில் லெவல் கருவிக்கும் டைப்ரைட்டருக்கும் சந்தனம் வைத்துப் பூஜை போட்டார்கள். பியூனாக இருந்த பெரியவர் பொரியும் கடலையும் வாழைப்பழமும் என் மேஜைக்குக் கொண்டுவந்தார். படைத்ததைச் சாப்பிடுவதில்லை என்பது என் மனசாட்சி. அதில் இன்றுவரை மாற்றமில்லை. ஆனால் அன்று நான் அந்தத் தட்டைக் கையால் தள்ளி, விக்கிரகத்துக்குப் படைத்தது என்று எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. சிந்திய பொரியைக் குனிந்து பொறுக்கினார். உறுதியாக நின்றுவிட்டேன் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது இவ்வளவுதான்: "அவர் வயசு என்ன?" என் அப்பா வயது. மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிறவர்களுக்குச் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" உத்தரவு சொல்லுங்கள் என்று பேதுரு எழுதியதில், சாந்தமும் வணக்கமும் விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்கிற சரக்கு இல்லை. கட்டளையின் பாதியே அதுதான். அடுத்த வருடம் முதல் அந்தப் பெரியவரே பூஜைக்கு முன்னால் கொஞ்சம் பொரியைத் தனியே எடுத்து வைத்து, "இது படைக்காதது தம்பி" என்று கொண்டுவந்து தருவார். ஓய்வு பெறும்வரை தந்தார்.

சரி, உடைந்த கதைக்கு வருகிறேன்.

1998. மழைக்கு முன் ஒரு ரோட்டை முடித்தே ஆக வேண்டும் என்று மேலிருந்து நெருக்கினார்கள். எனக்கு அப்போது ஊருக்குப் பக்கத்திலேயே போஸ்டிங், பிள்ளைகள் நல்ல பள்ளிக்கூடத்தில், கூட்டுறவுச் சங்கக் கடனில் பாதி கட்டிய வீடு. மாற்றல் வந்தால் எல்லாம் குலைந்துவிடும். மேலதிகாரி சைட்டில் நின்றபடியே, "குழி எல்லாம் வேண்டாம்பா, அளவு எழுதிடு" என்றார். அந்த ஜல்லியைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். 75 இல்லை. 60-கூட இருக்குமா என்று சந்தேகம். காசு எதுவும் வாங்கவில்லை. ஆனால் எம்-புக்கில் 75 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை ரோட்டை இரண்டு இடத்தில் அறுத்தது. டவுன் பஸ் நின்றுபோனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்ததை ஜீப்பில் இருந்து பார்த்தேன். மறு வருடம் வேறு பணத்தில் ரோடு போட்டாயிற்று. யாரும் என்னைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் இயேசுவைப் பற்றிப் பேசுவது நின்றுவிட்டது. உடனே இல்லை. முதலில் பஸ் ஸ்டாண்டுக்குப் போவது விட்டுப்போனது, வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டேன். பிறகு ஆபீசில் யாராவது மனம் கஷ்டப்பட்டு உட்கார்ந்திருந்தால் "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா" என்று கேட்பது நின்றது. 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது எனக்கு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. அரசு ஊழியன், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றேன். கட்டாயப்படுத்துவதும் ஆசை காட்டுவதும் எந்தச் சட்டம் சொல்லாவிட்டாலும் கிறிஸ்தவன் செய்யக்கூடாதது. ஒருவர் தன் நம்பிக்கையை இன்னொருவருக்குச் சொல்வதோ அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு எல்லா மதத்தாருக்கும் கொடுத்திருக்கிற உரிமை. இது எனக்கு அன்றும் தெரியும். சட்டத்துக்குப் பயந்து நான் வாயை மூடவில்லை, ஏற்கெனவே மூடியிருந்த வாய்க்குச் சட்டத்தைச் சாக்காக்கிக்கொண்டேன்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட பெரிய ஆறுதல் ஒன்று இருந்தது: "நான் பேச வேண்டாம், என் வாழ்க்கை பேசும்." சபைகளில் இதை அடிக்கடி கேட்கிறேன். சொல்கிறவர்களின் மனதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் வாழ்க்கை என்ன பேசியது என்பதை ஒரு டீக்கடையில் என் காதாலேயே கேட்டேன். நான் உள்ளே இருப்பது தெரியாமல் வெளியே இரண்டு கான்ட்ராக்டர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்தவருக்குப் பழையவர் சொன்னார்: "அவர் வாங்க மாட்டாரு. பொண்டாட்டி வீடு நல்ல வசதி. அவருக்கு எதுக்குக் காசு?" என் மனைவியின் வளையல் அந்த வாரம் அடகுக் கடையில் இருந்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஏன் வாங்குவதில்லை என்று நான் சொல்லாததால் அவர்களுக்குத் தோன்றிய காரணத்தை அவர்களே வைத்துக்கொண்டார்கள். இத்தனை வருட நேர்மையில் இயேசுவுக்குப் போகவேண்டிய மகிமை, இல்லாத ஒரு மாமனார் சொத்துக்குப் போயிருந்தது.

அன்று இரவு வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை எடுத்தேன். எபேசு சபைக்கு எழுதிய வார்த்தை: "ஆனாலும், நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய் என்று உன்பேரில் எனக்குக் குறை உண்டு." அந்தச் சபை பிரயாசப்பட்டது, பொறுமையாக இருந்தது, பொல்லாதவர்களைச் சகிக்கவில்லை. எல்லாம் இருந்தது. தார் கலவையை நினைத்துக்கொண்டேன். லாரியில் வரும்போதே அது மேலிருந்து ஆறத் தொடங்கும், அதனால் தார்ப்பாய் போட்டு மூடி வருவோம். சூடு இருக்கும்போதே ரோலர் ஏறியாக வேண்டும். ஆறிப்போன கலவையும் அதே கறுப்புத்தான். எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது, முதல் மழைக்குப் பெயர்ந்து வரும்.

மறுபடியும் பேச வேண்டும் என்று தீர்மானித்தேன். ரோலர் டிரைவரிடம் தொடங்கினேன். பல வருடம் என்னோடு வேலை செய்தவர், அப்போது ஓய்வு பெற்றிருந்தார். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இயேசு எனக்கு யார் என்று சொன்னேன். முழுவதும் கேட்டார். நடுவில் பேசவே இல்லை. முடித்த பிறகு கேட்டார்:

"சார், அந்த மழைக்கு அறுத்துட்டுப் போச்சே ஒரு ரோடு. அன்னைக்கு நீங்க குழி தோண்டச் சொல்லலையே. ஏன் சார்?"

ரோலரின் மேல் உட்கார்ந்திருந்தவர் அவர். ஜல்லி எவ்வளவு கனம் என்று அவர் உடம்புக்கே தெரிந்திருக்கும். ஐந்து வருடம் அதை மனதில் வைத்திருந்திருக்கிறார்.

எனக்குப் பதில் வர நேரமானது. "பயந்துட்டேன் அண்ணே. மாத்திருவாங்கன்னு பயந்தேன். அது பொய்க் கையெழுத்து" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு, "சரி, இப்போ சொல்லுங்க. நீங்க சொன்ன அந்த மன்னிப்பு, அது எப்படி?" என்றார். முதலில் நான் பேசியபோது அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இப்போது இருட்டும்வரை கேட்டார்.

அடுத்த வாரம் மேலிடத்துக்கு நடந்ததை எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்தை மட்டும் குறித்து எழுதினேன். யார் சொல்லிப் போட்டேன் என்பதை எழுதவில்லை. குற்றச்சாட்டு மெமோ வந்தது, விசாரணை நடந்தது, ஓராண்டு இன்கிரிமென்ட் நின்றது. பைத்தியமா என்று கேட்டவர்கள் உண்டு. என் மனைவி, "இப்போதான் உங்க முகம் பழைய மாதிரி இருக்கு" என்றாள்.

அதன்பிறகு பணியில் இருந்த வருடங்களில் ஒரு விதியை விடாமல் வைத்திருந்தேன். என் மேஜையில் யாருடைய பில் கிடக்கிறதோ அவரிடம் நானாகச் சுவிசேஷம் பேச மாட்டேன். எனக்குக் கீழே வேலை செய்கிற மஸ்தூரிடமும் அப்படித்தான். அவர்கள் கேட்டால் மறைக்காமல் சொல்வேன். இது சமரசம் இல்லையா என்று வாலிபத் தம்பிகள் கேட்டிருக்கிறார்கள். என் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறவர் என் பேச்சுக்குத் தலையாட்டத்தான் செய்வார். அந்தத் தலையாட்டலை இயேசுவிடம் கொண்டுபோய் நான் என்ன கணக்குக் காட்ட முடியும்? வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போகிற சுதந்திரம் உள்ளவரிடம் பேசுவதுதான் சுவிசேஷம். ஆனால் கவரை மறுக்கும்போது மட்டும் காரணத்தையும் சேர்த்தே சொன்னேன், பழையபடி ஒரே மூச்சில்.

ரோலர் அண்ணன் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. புதிய ஏற்பாடு ஒன்று கேட்டு வாங்கினார். கண் மங்கியபோது பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் இறந்தபோது அவர்கள் முறைப்படித்தான் எல்லாம் நடந்தது, நானும் சுடுகாடுவரை நடந்தேன். அவருக்கும் ஆண்டவருக்கும் இடையில் என்ன நடந்தது என்று அளக்க என்னிடம் டேப் இல்லை. அவருக்காக இப்போதும் நன்றி சொல்லி ஜெபிக்கிறேன்.

இப்போது எனக்குக் கையெழுத்து அதிகாரம் எதுவும் இல்லை. யாரும் எனக்காகத் தலையாட்ட வேண்டியதில்லை. அதனால் தாராளமாகப் பேசலாம். நாளை சனிக்கிழமை, பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் 3.75 மீட்டர் அகலத்துக்கு நாங்கள் போட்ட ஒரு ரோட்டில் கைப்பிரதிப் பையோடு போகிறேன். அந்த ஊரில் சபை கிடையாது. போன முறை ஒரு வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீ அந்தக் குழி தோண்டுற ஓவர்சியர்தானய்யா?" என்று கேட்டு, ஸ்டூலை எடுத்து வெளியே போட்டார்.