ஷோரிங் இருக்கும்போது தடுப்புச்சுவர் எதற்கு? வைவாவில் கற்றது

எம்.இ. கடைசி வருடம் நான் எடுத்த புராஜெக்ட், கோவையில் இரண்டு அடித்தளங்கள் (தரைக்குக் கீழே உள்ள தளங்கள்) கொண்ட ஒரு கட்டிடத்தின் தடுப்புச்சுவர். பள்ளம் 6 மீட்டர். சுற்றிலும் பைல் வரிசை, அதாவது நிலத்துக்குள் இறக்கிய தூண்கள். பள்ளத்தின் மண் சரியாமல் தாங்கும் இந்த அமைப்புதான் ஷோரிங்; இது வேலை முடிந்தாலும் எடுக்காத நிரந்தர ஷோரிங். அதிலிருந்து 600 மி.மீ. உள்ளே தள்ளி என் கான்கிரீட் சுவர். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வரைபடத்தைப் பார்த்தவுடன் கேட்டார்: "மண்ணைப் பைல் தாங்கிக்குதுங்க. அப்புறம் உங்க சுவருக்கு என்ன வேலை?" நான் மண் அழுத்தத்துக்கான ரேங்கின் சூத்திரத்தை எழுதத் தொடங்கினேன். "கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அடுத்து இப்படிப் புராஜெக்ட் எழுதப்போகிறவர்கள் இந்தக் கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு பிறகு தானாக வரும்.

ஷோரிங்கே இல்லை என்று வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். மண்ணின் எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், உராய்வுக் கோணம் 30 டிகிரி என்றால், 6 மீட்டர் அடியில் ஆக்டிவ் அழுத்தம் (சுவர் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும்போது மண் தருவது) சதுர மீட்டருக்கு 36 கிலோநியூட்டன். ஆனால் அடித்தளச் சுவரைத் தளங்கள் பிடித்திருக்கின்றன, அது நகராது. அதனால் நகராத சுவருக்கான அட்-ரெஸ்ட் அழுத்தம்தான் எடுக்க வேண்டும்: 54. நிறையப் பேர் இங்கேயே மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார்கள்.

சரி, இப்போது ஷோரிங்கைக் கொண்டு வாருங்கள். பைல் வரிசைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் 600 மி.மீ. மண் மட்டுமே உங்கள் சுவரைத் தள்ளும். அந்த மண்ணும் இரண்டு பக்கமும் உராய்ந்து தொங்குகிறது. சோளக் குதிரில் அடியில் இருக்கும் தானியம் மேலுள்ள முழு எடையையும் சுமப்பதில்லை அல்லவா? 1895-ல் யான்சென் குதிர்களுக்காகத் தந்த சமன்பாடு இங்கே அப்படியே பொருந்தும். சுவர் உராய்வு 20 டிகிரி என்று போட்டால், எவ்வளவு ஆழம் போனாலும் அழுத்தம் 15-ஐத் தாண்டாது. 54 எங்கே, 15 எங்கே!

இந்த 15-ஐப் பார்த்துச் சுவரை மெலிதாக்கியதுதான் நான் செய்த பெரிய தவறு. அந்த இடைவெளியில் தண்ணீர் நிரம்பினால் 6 மீட்டர் அடியில் சதுர மீட்டருக்கு 59 கிலோநியூட்டன். இடைவெளி 600 மி.மீ. ஆனாலும் ஒரு விரல் அகலம் ஆனாலும் அதே 59தான். தண்ணீருக்கு உராய்வு கிடையாது, குதிர்க் கணக்கு அதனிடம் செல்லாது. பைல்களுக்கு நடுவே சந்து இருக்கும், ஐப்பசி மழையில் அது வழியே தண்ணீர் வந்தே தீரும்.

எங்கள் அப்பாரு அவிநாசிப் பக்கம் வெட்டிய கிணற்றில் மேலே மண் உள்ள வரை மட்டும் கல்கட்டு, கீழே பாறை வெறுமனே நிற்கும். மழைக்காலத்தில் மண்ணும் பாறையும் சேரும் இடத்தில்தான் ஊற்று கசியும். கல்லுக்குக் கல் சந்து விட்டுக் கட்டியதால் தண்ணீர் உள்ளே வடிந்துவிடும், கட்டு நிற்கும். சின்ன வயதிலிருந்து பார்த்ததை வைவாவில் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் இன்றும் எனக்கு வருத்தம்.

ஆகவே பதிலில் வடிகால் வராமல் இருக்கக் கூடாது. இடைவெளியில் ஜல்லி, அடியில் துளைக் குழாய், அது போய்ச் சேரும் சம்ப் (தண்ணீர் தேங்கும் குழி). வடிகாலை நம்ப முடியாத இடத்தில் தண்ணீர் அழுத்தம் முழுவதற்கும் சுவரை வடிவமையுங்கள். ஜல்லிக்குப் பதில் கான்கிரீட் ஊற்றுவதாக எழுதினால், ஒரே தடவையில் ஒரு மீட்டர் உயரம் ஊற்றினாலே அழுத்தம் 25 அளவுக்குப் போகும் என்பதையும் சரிபாருங்கள்.

'நிரந்தரம்' என்ற சொல்லுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். பைலைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் ஆங்கர் கம்பி போட்டிருந்தால் அது பக்கத்து நிலத்துக்குள் இருக்கும். நாளை அவர்களும் பள்ளம் தோண்டலாம். கம்பி துருப்பிடிக்காமல் இருக்க என்ன செய்தோம், கட்டிடத்தின் ஆயுள் முழுக்கப் பைல் தாங்குமா? இதற்கு உறுதியான பதில் இல்லையென்றால் 54-க்கே திரும்பிப் போங்கள், அதோடு தண்ணீரையும் சேருங்கள். அப்போது தண்ணீருக்குள் இருக்கும் மண்ணுக்கு மூழ்கிய எடையை (தண்ணீரின் மிதப்பைக் கழித்த எடையை) போட மறக்காதீர்கள்.