வெந்நீர் ஊரும் விலைபோன தூண்களும்

மகனைப் பார்க்க நியூ ஜெர்சி போயிருந்தபோது, நியூயார்க்கின் வடகோடியில் இருக்கும் ‘தி க்ளோய்ஸ்டர்ஸ்’ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். நடுவில் தோட்டம், சுற்றிலும் இளஞ்சிவப்புப் பளிங்குத் தூண்கள். பிரான்ஸில் சேன் மிஷல் த குக்ஸா என்ற மடத்தைச் சேர்ந்தவை, 12-ஆம் நூற்றாண்டு என்று எழுதியிருந்தார்கள். பொதுப்பணித்துறையில் கட்டடப் பிரிவிலேயே காலம் தள்ளியவள் நான். ஒரு தூணைப் பார்த்தால், இது முன்னே எதைத் தாங்கியது, இப்போது அங்கே எது தாங்குகிறது என்றுதான் புத்தி போகும்.

அப்புறம் மகளுக்குப் பிரான்ஸில், துலூஸ் நகரத்தில் வேலை கிடைத்தது. மேப்பைத் திறந்து குக்ஸாவைத் தேடினேன். பிரனீஸ் மலைத்தொடரில், ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில், கனிகூ என்ற 2784 மீட்டர் சிகரத்துக்குக் கீழே இருந்தது. தங்குவதற்கு வசதியான ஊர் வெர்னே-லெ-பேன். வெந்நீர் ஊற்று உள்ள ஊர் என்று சொன்னதும் அசோக் நகரில் பக்கத்து வீட்டு மாமி, “முட்டிவலிக்கா?” என்றார். தூண் பார்க்க என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வெந்நீரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கந்தகத் தண்ணீர், அழுகிய முட்டை நாற்றம். மூட்டுவலிக்கும் மூச்சுத் தொல்லைக்கும் நல்லது என்கிறார்கள். பிரான்ஸில் இதற்கு டாக்டர் சீட்டு உண்டு. மூன்று வாரத்தில் 18 நாள் சிகிச்சை, செலவில் ஒரு பங்கை அரசுக் காப்பீடு தருகிறது. காலையில் கையில் பையோடு நிதானமாக நடந்து போகிற பெரியவர்களைப் பார்த்தால் அறுபடை வீட்டுக் கோஷ்டி மாதிரியே இருந்தது.

நூறு வருஷத்துக்கு முன்னால் இது வெள்ளைக்காரத் துரைமார்களின் குளிர்கால ஊர். பம்பாயில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங், மனைவியின் வாத நோய்க்காக 1910-லிருந்து சில முறை வந்து தங்கியிருக்கிறார். அதே காலத்தில் இங்கே வந்தவர் லார்ட் ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தளபதியாக இருந்தவர். நம்ம ஊர் வெயிலில் வெந்தவருக்கு வெந்நீர் எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டார்.

அந்தப் பெரிய ஓட்டல்களில் பலவற்றை 1940 அக்டோபர் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. காடி என்ற சின்ன ஆறுதான் அந்த வேலையைச் செய்தது. அந்த மழையில் கனிகூ மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் ஒரே நாளில் 84 சென்டிமீட்டர் பதிவானது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்ததற்கே நாம் பட்ட பாடு தெரியும். எந்த நாடானாலும் ஆற்றோர மனைக்குத்தான் விலை அதிகம்.

சரி, மலைக்கு வருவோம். வெர்னேக்கு மேலே கஸ்தேய் என்ற சிற்றூர் வரைதான் காரில் போகலாம். அங்கிருந்து சேன் மார்த்தேன் து கனிகூ மடத்துக்கு நடைதான். செங்குத்தான சிமெண்ட் பாதை, வளைந்து வளைந்து ஏறுகிறது. மகள் ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம் என்றாள். “அம்மா, நீ நின்னு நின்னு வா, அவசரமில்லை” என்று முன்னால் போய்விட்டாள். நான் நின்று நின்றுதான் போனேன். ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, இன்னொரு பக்கம் ஓக் மரங்கள், எங்கேயோ மாட்டுமணிச் சத்தம். பாறை விளிம்பில் மடம் ஒட்டிக்கொண்டிருப்பது மேலே போன பிறகுதான் முழுசாகத் தெரிகிறது. அங்கே இன்றைக்கும் துறவிகள் வசிக்கிறார்கள். வழிகாட்டியோடுதான் சுற்றிப் பார்க்க முடியும்.

இந்தக் கோவிலுக்கு நம்ம கணக்கில் கும்பாபிஷேகம் ஆனது 1009-ல். ராஜராஜன் தஞ்சையில் விமானத்துக்குக் கலசம் வைத்தது 1010-ல். இதைக் கேட்டதும் வழிகாட்டி சொன்ன மற்றதெல்லாம் கொஞ்ச நேரம் காதில் விழவில்லை. அளவில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பெரிய கோவில் வளாகத்தில் ஒரு மூலைக்கு இது காணாது. ஆனால் கட்டுமானப் புத்தி நேர் எதிர். நம்மவர்கள் கல்லைப் படுக்கையாக அடுக்கி உள்பக்கம் நீட்டி நீட்டி மூடினார்கள். பாரம் நேராகக் கீழே இறங்கும். இங்கே சுண்ணாம்புச் சாந்து போட்டு அரைவட்டக் கூரை வளைத்திருக்கிறார்கள். வளைவு சும்மா இருக்காது, சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் சுவர் தடி, ஜன்னல் சின்னது, உள்ளே இருட்டு.

மேலே ஒரு கோவில், அதற்குக் கீழே தரையோடு தரையாக இன்னொன்று. மேல் கோவிலில் கூரையைத் தாங்குபவை ஒல்லியான ஒற்றைக்கல் தூண்கள். எனக்கு நெஞ்சு படபடத்தது கீழே போனபோது. கீழ்க்கோவில் தூண்கள் சிலவற்றைச் சுற்றிப் பிற்பாடு கல்கட்டு எழுப்பி, தூணையே உள்ளே புதைத்திருக்கிறார்கள். மேலே பாரம் ஏறியதும் பயந்திருக்கிறார்கள். சென்னையில் பழைய ஃப்ளாட்டுகளில் பில்லருக்குக் கம்பி கட்டி கான்கிரீட் சுற்றுகிறோமே, ஜாக்கெட்டிங், அதே வேலை. அந்த மேஸ்திரி யாரோ, அவரோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்திருப்பேன். பெயர் தெரியாது. கட்டவைத்த பிரபு குய்ஃப்ரேயின் பெயர்தான் தெரியும். அவர் கடைசியில் இங்கேயே துறவியாகி 1049-ல் இறந்தார். பாறையில் குடைந்த கல்லறைக்குழியைக் காட்டுகிறார்கள்.

1428 பிப்ரவரி 2-ஆம் தேதி வந்த பூகம்பம் கட்டடத்தை உலுக்கிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறவிகளும் போய்விட, மடம் பாழாகி, கற்கள் ஊர்ப்பக்கம் நடந்தன. 1902-ல் கர்சலாட் து போன் என்ற பிஷப் இடிபாட்டை வாங்கிக் கட்ட ஆரம்பித்தார். சிதறிப்போன தூண்களின் செதுக்கிய தலைப்பகுதிகளைத் தேடிப் பிடித்து, பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி புதிதாக ஒரு தாழ்வாரம் எழுப்பி அதில் வைத்துவிட்டார். அவை முதலில் இருந்த இடம் அதுவல்ல. படிப்பாளிகளுக்கு இதில் வருத்தம் இருக்கலாம். எனக்கு இல்லை. மழை நனையாமல், ஒரு வளைவைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன, போதாதா?

குக்ஸா மடம் பிராட் என்ற ஊருக்குப் பக்கத்தில், பீச் பழத் தோப்புகளுக்கு நடுவே சமதரையில் இருக்கிறது. இரண்டு கோபுரங்களில் ஒன்று 1839-ல் விழுந்துவிட்டது. மிச்சமுள்ள ஒன்று நெட்டையாக நிற்கிறது. தாழ்வாரத்தில் நுழைந்தேன். நியூயார்க்கில் பார்த்த அதே இளஞ்சிவப்புக் கல், அதே சிங்கங்கள்: மூலையில் ஒரே தலை, அதற்கு இந்தப் பக்கம் ஓர் உடல், அந்தப் பக்கம் ஓர் உடல். தாராசுரத்தில் காளைக்கும் யானைக்கும் ஒரே தலை செதுக்கியது இதே நூற்றாண்டில்தான். கொஞ்ச தூரம் போனதும் தூண் வரிசை நின்றுவிடுகிறது.

ஜார்ஜ் கிரே பர்னார்ட் என்ற அமெரிக்கச் சிற்பி அக்கம்பக்கத்து வீடுகளிலும் தோட்டங்களிலும் கிடந்த தூண்களை விலைக்கு வாங்கி அனுப்பினார். 1925-ல் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் பணத்தில் அவை நியூயார்க் அருங்காட்சியகத்துக்குப் போய், 1938-ல் புது இடத்தில், நான் பார்த்த க்ளோய்ஸ்டர்ஸில், எழுந்தன. பிராட் ஊரில் ஒரு குளியல் கூடத்திலிருந்த சில தூண்கள் மட்டும் எதிர்ப்பு கிளம்பியதால் இங்கேயே தங்கின.

மகன் வீடியோ காலில், “அங்கேயாவது பத்திரமா இருக்கும்மா” என்றான். எனக்கு வாங்கினவர் மேல் கோபம் வரவில்லை. தோட்டத்து அலங்காரமாக வைத்துக்கொண்டு விற்றவர்கள் மேல்தான் வந்தது. உடனே நம்ம ஊர் ஞாபகமும் வந்தது. கல்வெட்டுக் கல்லில் துணி துவைக்கிறவர்கள் நாம். 1845-ல் வால்டர் எலியட் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஆந்திராவின் அமராவதியில் தோண்டியெடுத்த சிற்பங்கள் மெட்ராஸில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, 1859-ல் ஒரு பகுதி லண்டனுக்குக் கப்பலேறின. இன்னொரு பகுதியை எழும்பூரில் பார்க்கலாம். எழும்பூருக்கு நாம் எத்தனை பேர் போகிறோம்?

வில்ஃபிரான்ஷ் கோட்டை ஊரையும் பார்த்தோம். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள மதில்கள், கடைத்தெரு முழுக்க நினைவுப்பொருள். ஒரு தரம் சுற்றினால் போதும். அங்கிருந்து கிளம்பும் மஞ்சள் ரயில்தான் விசேஷம். வழியில் ரயில் போகிற தொங்கு பாலம் ஒன்று உண்டு. அதை வடிவமைத்த அல்பேர் கிஸ்க்லார், 1909-ல் சோதனை ஓட்ட விபத்தில் இறந்துபோனார். பாலத்தின் மேல் போகும்போது கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

போகிறவர்கள் மதியம் 12-லிருந்து 2 வரை எதையும் திறந்திருக்கும் என்று நம்பாதீர்கள். சைவக்காரர்களுக்குத் தக்காளி தேய்த்த ரொட்டி எங்கேயும் கிடைக்கும். கஸ்தேயில் ஏறும்போது தண்ணீரும் பிடிமானமுள்ள ஷூவும் வேண்டும். மஞ்சள் ரயிலில் கூரையில்லாத பெட்டி கிடைத்தால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையுடையது பள்ளத்தாக்கில் எங்கோ கிடக்கிறது.