ஏற்காடு: காபி காயும் வரை

டிசம்பர் 29
காலை ஆறு மணிக்கு வராந்தா தெர்மாமீட்டரில் 11 டிகிரி. போனில் ஏற்காடு என்று போட்டால் 19 காட்டுகிறது. உலகம் முழுவதற்கும் ஓட்டுகிற கணினிக் கணிப்புகள் ஒன்பது, பதின்மூன்று கிலோமீட்டர் கட்டங்களாகத்தான் பூமியைப் பார்க்கின்றன, அதில் எங்கள் மலையும் அடிவாரமும் ஒரே கட்டத்துக்குள் விழுந்து சராசரியாகிவிடும். அதனால் போன் காட்டுவதைச் சேலத்துக் கணக்காகவே எடுத்துக்கொள்கிறேன். சேலம் 280 மீட்டர் உயரம், நாங்கள் கிட்டத்தட்ட 1,500. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் கழித்தால் எட்டு குறையும். தினமும் இந்தக் கழித்தல்தான்.

களத்தில் காபிப் பழம் காயக் கொட்டி மூன்று நாள் ஆகிறது. இன்னும் பத்து நாள் வெயில் வேண்டும்.

டிசம்பர் 31
சேலத்திலிருந்து அக்கா மகன் போன். "மாமா, அங்க ஸ்னோ விழுதாமே, பசங்களோட பைக்ல வரட்டுமா?" யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். பார்த்தால் ஊட்டி தலைக்குந்தா, புல்வெளி வெள்ளையாகக் கிடக்கிறது. அதுவும் ஸ்னோ இல்லை, உறைபனி. தவறு பாதி நம் மொழியுடையது. புல்லில் நிற்பதும் பனி, சாலையை மறைப்பதும் பனி, காஷ்மீரில் கொட்டுவதும் பனி.

நம் ஊர் வானத்தில் பூஜ்ஜியம் டிகிரியைத் தொட ஐந்து கிலோமீட்டர் அளவுக்கு மேலே போக வேண்டும். சேர்வராயன் உச்சியே 1,623 மீட்டர்தான். சிம்லா மாதிரி ஊர்களில் மேற்கத்திய இடையூறு (குளிர்காலத்தில் மேற்கிலிருந்து மழையும் பனியும் கொண்டுவருவது) வரும்போது அந்தப் பூஜ்ஜியம் டிகிரிக் கோடு முந்நூறு மீட்டர் இறங்குமா, நிற்குமா என்பதில்தான் மழையா பனியா என்று தீர்மானமாகும்; அதனால்தான் அங்கே முன்னறிவிப்பு சொல்கிறவர்கள் பாடு கஷ்டம். இதையெல்லாம் சொன்னேன். "சரி மாமா, அப்ப சும்மா வரோம்" என்றான். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார்கள்.

ஜனவரி 3
8.5 டிகிரி! காற்றே இல்லை, ஒரு பொட்டு மேகம் இல்லை, பகலில் வாங்கிய சூடு முழுவதையும் தரை ராத்திரியே வானத்துக்கு விட்டுவிட்டது. லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து பார்த்தால் சேலமே தெரியவில்லை, பால் ஊற்றின மாதிரி மூடுபனி. இப்படிப்பட்ட ராத்திரியில் குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும், என் கழித்தல் கணக்கும் உதைக்கும். ஊரே குளிர் குளிர் என்று புலம்புகிறது, எனக்கு மட்டும் சந்தோஷம். இந்தக் குளிருக்குப் பின்னால் வருவது சுள்ளென்ற வெயில், பழம் ஒரே நாளில் நிறம் மாறிவிட்டது.

ஜனவரி 5
15 டிகிரி. ஸ்வெட்டர் தேவைப்படவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. தென்மேற்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியாம், "ஓரிரு இடங்களில் லேசான முதல் மிதமான மழை". ஓரிரு இடங்கள் என்றால் அவர்கள் கணக்கில் கால் பங்கு நிலையங்கள் வரைக்கும். அதில் என் களம் உண்டா இல்லையா?

களத்தில் பழம் கிளறும் பாட்டி வந்ததும் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தது. "புல்லுல பனியே எறங்கல சாமி, மூடி வெச்சுரு." ராத்திரி மேகம் போர்வை போட்டிருந்தால் தரை ஆறாது, ஆறாவிட்டால் பனி இறங்காது. எனக்கு இதே விஷயம் புரியப் பத்து வருஷமும் ஒரு தெர்மாமீட்டரும் ஆயிற்று. ஆனாலும் பதினோரு மணி வெயிலைப் பார்த்து ஏமாந்து மூடாமல் விட்டேன்.

ஜனவரி 6
நேற்று மூன்றரைக்கு மழை. நான்கு பேர் ஓடியும் தார்ப்பாய் ஒரு பக்கம்தான் மூடியது. இன்றும் தூறல். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 9
10 டிகிரி, புல்லெல்லாம் நனைந்து கிடக்கிறது. வடக்கு ஓரத்தில் இரண்டு மூட்டை அளவுக்குப் பூஞ்சை பிடித்துவிட்டது, அதைத் தனியாக ஒதுக்கினோம். மீதியைக் கையில் அள்ளிக் குலுக்கினால் உள்ளே கொட்டை லேசாகச் சத்தம் போடுகிறது. இன்னும் நான்கு நாள். அக்கா மகன் பொங்கலுக்கு வருகிறானாம், ஸ்னோ பற்றி இந்தத் தடவை கேட்கவில்லை.