துவாஸிலிருந்து பினாங்கு வரை: அப்பச்சியோடு ஒரு நாள் கார்ப் பயணம்

என் அப்பச்சிக்கு (எங்கள் பக்கத்தில் அப்பாவை இப்படித்தான் அழைப்போம்) வயது 82. 1960-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குச் சென்று, அங்கே ஒரு கிட்டங்கியில் (செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய இடம்) பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடி வேலை செய்யும் சிறுவனாக, மூன்றாண்டுகள் இருந்தவர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகனிடம் அடுத்த மாதம் போகிறோம் என்று அவரிடம் சொன்னதும், "பினாங்குக்குக் காரிலேயே போவோம் தம்பி, வழியைப் பார்க்க வேண்டும்" என்றார். அன்றிலிருந்து தேவகோட்டை வீட்டு வளவில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இந்தப் பயணத்தைத் திட்டமிட்டு வருகிறேன்.

மொத்தத் தொலைவு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். நெடுஞ்சாலை நன்றாக இருக்கும், இங்கே போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால், தூரம் எனக்குப் பெரிய கவலையில்லை. நாள் முழுவதையும் தீர்மானிப்பது எல்லையை எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் கடக்கிறோம் என்பதே. வேலை நாட்களின் விடியற்காலையில் சிங்கப்பூரை ஒட்டிய மலேசிய மாநிலமான ஜொகூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சிங்கப்பூருக்குள் வேலைக்கு வருகிறார்கள்; மாலையில் அதே கூட்டம் திரும்புகிறது. நாங்கள் காலையில் மலேசியாவுக்குள் போய், மற்றொரு நாள் மாலையில் சிங்கப்பூருக்குத் திரும்பினால், இரு முறையும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் இருப்போம். ஆகவே செவ்வாய் புறப்பட்டு வியாழன் திரும்புவதென முடிவு செய்தேன். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் முதியவரை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகக் கூடாது. 1924-இல் திறக்கப்பட்ட பழைய உட்லண்ட்ஸ் பாலத்தை விட்டு, 1998-இல் வந்த துவாஸ் இரண்டாம் பாலத்தைத் தேர்ந்ததும் நெரிசலை எண்ணித்தான்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். அங்கே ஐந்து என்றால் நம் ஊரில் இரவு இரண்டரை. ஆகவே விமானத்தில் போய் இறங்கிய மறுநாளே புறப்படாமல், அப்பச்சியின் தூக்கம் அந்த நேரத்துக்குப் பழக நான்கு நாட்கள் விட்டிருக்கிறேன்.

தாள்களில் நான் மிகவும் அஞ்சியது சிங்கப்பூர் விசாவைத்தான். நம் உறவினர் ஒருவர் ஒரே ஒரு முறை மட்டும் நுழையக்கூடிய விசாவோடு ஜொகூருக்குச் சென்றுவிட்டுத் திரும்ப முடியாமல் தவித்தார். பலமுறை நுழையும் விசாவா என்பதை இருவர் விசாவிலும் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். மலேசியாவுக்கு இந்தியர்கள் 2026 இறுதி வரை 30 நாட்கள் விசா இல்லாமல் போகலாம். ஆனால் மின்னணு வருகை அட்டையை முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டையையும் புதிதாக நிரப்ப வேண்டும். காருக்கான மலேசிய நுழைவு அனுமதியும் சுங்கச்சாவடி அட்டையும் மகன் பொறுப்பு. சிங்கப்பூர் வண்டி வெளியேறும்போது எரிபொருள் தொட்டியில் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால், முந்தின இரவே நிரப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். மலேசியாவில் மானிய விலை ரான் 95 பெட்ரோலை வெளிநாட்டு வண்டிகளுக்குப் போடக் கூடாது; ரான் 97-தான்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி அப்பச்சியைச் சற்று நடக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் கால் வீங்கிவிடும். கோலாலம்பூருக்குள் நுழையாமல் எலைட் நெடுஞ்சாலையில் சுற்றிக்கொண்டு, ஈப்போவில் மதிய உணவு. நடுவில் கொறிக்க ஆச்சி மணகோலமும் சீப்புச் சீடையும் கட்டித் தருகிறார்.

கடைசிக் கட்டத்தில்தான் திட்டம் மாறியது. 1985-இல் திறந்த பினாங்குப் பாலத்தின் வழியே தீவுக்குள் போவதாக எழுதியிருந்தேன். அப்பச்சி அதைப் பார்த்துவிட்டு, "பட்டர்வொர்த்தில் படகு இருக்குமே?" என்று கேட்டார். தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து படகு இருக்கிறது, ஆனால் கார்களை இப்போது ஏற்றுவதில்லை. ஆகவே மகன் எங்களைப் படகுத்துறையில் இறக்கிவிட்டுப் பாலத்தின் வழியே வண்டியைக் கொண்டுவருவான். நானும் அப்பச்சியும் படகில் கடந்து ஜார்ஜ்டவுனில் இறங்குவோம். பினாங்குத் தெருவில் நகரத்தாருக்குரிய கோவில் வீடு அங்கிருந்து அருகில்தான். தண்ணீர்மலை தண்டாயுதபாணியை மறுநாள் காலையில் சென்று வணங்குவோம்.