சுழலும் உருளைகளுக்கு நடுவே: பாயி இயக்கவியல் படிப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்கு அருகே ஓர் ஒழுங்கையில் வாடகை அறையெடுத்துப் படித்தேன். ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே ஓடும் திரவத்தின் வேகக் கோவையைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். இடைப் பரீட்சையில் கேட்டதோ வேறு: உள் உருளையைச் சுற்றினால் ஓட்டம் எளிதில் குலைகிறது, வெளி உருளையைச் சுற்றினால் ஏன் அப்படிக் குலைவதில்லை? அந்தப் பக்கத்தை வெறுமையாகவே கொடுத்துவிட்டு வந்தேன்.

பௌதிகவியலாளர் றேலி பிரபுவின் வாதம் ஒன்று போதும். மெல்லிய திரவ வளையம் ஒன்றைச் சற்று வெளியே தள்ளுவதாக நினையுங்கள். பாகுநிலையை, அதாவது திரவத்தின் உள் உராய்வை, மறந்தால், அதன் கோண உந்தம் (சுழற்சிக்குரிய உந்தம்) மாறாது. உள் உருளை மட்டும் சுழலும்போது கோண உந்தம் வெளிப்பக்கம் போகப் போகக் குறைகிறது. ஆகவே தள்ளப்பட்ட வளையத்திடம் புதிய அயலைவிடக் கூடுதல் உந்தம் இருக்கும்; அங்குள்ள அமுக்கத்தால் அதைப் பிடித்துவைக்க முடியாது, இன்னும் வெளியே ஓடும். வெளி உருளை மட்டும் சுழன்றால் எல்லாம் தலைகீழ். வளையம் வந்த இடத்துக்கே திரும்பும். இதை முதலில் சொந்த வசனத்தில் எழுதப் பழகுங்கள். அட்சரகணிதம் பிறகு தானாக வரும்.

பாகுநிலை இந்தக் குலைவைத் தள்ளிப்போடுகிறது. எவ்வளவு தூரம் என்பதை 1923இல் ஜி. ஐ. டெய்லர் கணக்கிட்டு, பரிசோதனையிலும் காட்டினார். குறுகிய இடைவெளியில், வெளி உருளை அசையாதபோது, டெய்லர் எண் (சுழற்சியின் விளைவைப் பாகுநிலையின் விளைவோடு ஒப்பிடும் எண்) 1700 அளவில், வளையங்களாக அடுக்கிய சுழிகள் தோன்றும். ஆனால் அந்த எண்ணைப் புத்தகத்துக்குப் புத்தகம் வேறு விதமாக வரையறுக்கிறார்கள். வரையறையை எழுதாமல் பெறுமானத்தை எழுதவே வேண்டாம்.

முடிந்தால் கண்ணால் பாருங்கள். நான் அகன்ற கண்ணாடிப் போத்தலுக்குள் பிவிசி குழாயொன்றை நடுவில் நிறுத்தி, கைப்பிடி பொருத்தினேன். இடைவெளி ஒரு சென்ரிமீற்றர். முதலில் தண்ணீரில் அலுமினியத் தூளைக் கலந்து சுற்றினேன்; வெறும் கலங்கல்தான். தண்ணீரின் பாகுநிலை அத்தனை குறைவு; அரை நிமிடத்துக்கு ஒரு சுற்றே எல்லையைத் தாண்டப் போதும்; கையால் சுற்றினால் அதை வெகுதூரம் தாண்டிவிடுவோம். பிறகு மருந்துக் கடைகளில் கிளிசரின் வாங்கிச் சேர்த்து, மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டேன். விநாடிக்கு ஒரு சுற்றைத் தாண்டியதும் வெள்ளிக் காப்புகளை அடுக்கியதுபோல வளையங்கள் எழுந்து நின்றன. ஒவ்வொன்றின் உயரமும் இடைவெளியின் அகலமே. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேகம் கூடினால் வளையங்கள் அலையாக நெளியும். அதற்கும் அப்பால் கொந்தளிப்பு. புதிய அதிர்வெண்கள் முடிவின்றி ஒவ்வொன்றாகச் சேர்ந்தே கொந்தளிப்பு பிறக்கிறது என்பது பௌதிகவியலாளர் லண்டாவின் கருத்து. 1975இல் கொலப்பும் சுவின்னியும் அளந்தபோது, சில அதிர்வெண்களுக்குப் பின் ஒழுங்கு சட்டென்று குலைவதையே கண்டார்கள். பெருவினாவில் இந்த ஒப்பீட்டைத் தவறவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: வெளி உருளை சுழலும் ஓட்டம் உறுதியானது என்பது சிறிய குழப்பங்களுக்கு, அதாவது ஓட்டத்தைச் சற்றே அசைக்கும் தள்ளல்களுக்கு, மட்டுமே. வேகம் மிகுந்து, குழப்பமும் பெரிதானால் அங்கும் கொந்தளிப்பு வரும், சுருள் பட்டையாகக்கூட.

செய்முறைக் கொப்பியில் ஒருநாள் பதினான்கு சுழிகள், மறுநாள் அதே வேகத்தில் பதினாறு என்று எழுதி, பிழையென்று வெட்டிவிட்டேன். வெட்டியிருக்கக் கூடாது. வேகத்தை எப்படிக் கூட்டிக் கொண்டுபோகிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும் என்று ஆய்வாளர் கோல்ஸ் 1965இலேயே காட்டியிருக்கிறார்.