ஹெட் இறக்கி ஏத்துன பிறகு மிஸ்ஸிங் – எங்க மாருதி 800ல கண்டுபிடிச்சது

மூணு வாரம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா வாசல்ல உக்காந்து ஹெட் (இன்ஜினோட மேல் பாகம்) வேலை பாத்து முடிச்சு, கூலன்ட் ஊத்தி, பேட்டரி மாட்டி சாவிய திருப்புனா வண்டி ஒரே அடியில ஸ்டார்ட் ஆயிடுச்சு. ஆனா ஆக்சிலேட்டர் தொடாம ஐடிலிங்ல நிக்கும்போது ஒரு உதறல், ஸ்டியரிங் ஆடுது, கியர் லிவர் தனியா துள்ளுது, பின்னாடி போய் சைலன்சர்கிட்ட கைய காட்டுனா புகை சீரா வராம விட்டு விட்டு அடிக்குது, ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியலன்னு அர்த்தம். மிஸ்ஸிங். மாருதி 800க்கு மொத்தமே மூணு சிலிண்டர், 796 சிசி, அதுல ஒண்ணு படுத்துட்டா மூணுல ஒரு பங்கு போச்சு, மறைக்கவே முடியாது. வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு எனக்கு.

எப்படி ஆரம்பிச்சுதுன்னா, சேலத்துல இருந்து தர்மபுரி திரும்பி வரோம், தொப்பூர் ஏத்தத்துல லோடு லாரிக்கு பின்னாடி செகண்ட் கியர்ல ஊர்ந்துகிட்டே வரும்போது ரேடியேட்டர் ஹோஸ் கிழிஞ்சிடுச்சு. சூடு முள்ளு மேல போனத நான் கவனிக்கறதுக்குள்ள லேட் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் காலையில ஸ்டார்ட் பண்ணா வெள்ளை புகை, ரேடியேட்டர்ல முட்டை முட்டையா கொப்புளம், ஆயில் மூடிய தொறந்தா உள்ள மோர் மாதிரி நுரை. ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற பேக்கிங்) போனதுக்கு இதவிட தெளிவா ஒண்ணும் வேணாம். அப்பா கடைசி வரைக்கும் ஓட்டுன வண்டி, 2014லயே கம்பெனி இந்த மாடல நிறுத்திட்டாங்க, ஆனா விக்க மனசு வரல, அதனால நானே பாத்துடலாம்னு இறங்குனேன். ஹெட்ட லேத்துல குடுத்து ஃபேஸிங் (அடிப்பக்கத்த மட்டமா சீவுறது), வால்வ் லேப்பிங் (வால்வ் சந்தில்லாம உக்கார தேய்க்கிறது), புது ஹெட் கேஸ்கட், வால்வ நேரத்துக்கு தொறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட்டும் புதுசு, ஹெட் போல்ட்ட நடுவுல இருந்து வெளிய, எவ்வளவு டைட்னு காட்டுற டார்க் ரெஞ்ச் வெச்சு ரெண்டு மூணு சுத்தா டைட், எல்லாமே முறையா தான் பண்ணேன்.

அதனால மிஸ்ஸிங் வந்ததும் புத்தி நேரா பெரிய தப்புக்கு தான் போச்சு. பெல்ட் ஒரு பல்லு தப்பி மாட்டியிருப்பேன், இல்ல ஹெட் மறுபடி உக்காரல, மறுபடி கழட்டணும். டைமிங் மார்க்க பாத்தேன், கரெக்டா இருக்கு. ராத்திரி தூக்கமே வரல, காலையில அப்பா காலத்துல இருந்து எங்க வண்டிய பாக்குற மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன். அவர் ஒரே கேள்வி தான் கேட்டாரு. "தம்பி, ஹெட்ட தொடாத. எந்த சிலிண்டர்னு மொதல்ல சொல்லு."

"பாக்கலண்ணா."

"பாத்துட்டு கூப்புடு."

எந்த சிலிண்டர்னு கண்டுபிடிக்க, இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக் ஒயரா, ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயர்ல புடிச்சு கழட்டணும், கழட்டுன ஒயர் முனைய இன்ஜின் இரும்புகிட்டயே வெச்சுக்கணும், அந்தரத்துல விட்டா தீப்பொறிக்கு மின்சாரம் குடுக்கிற காயில் போயிடும். ஒண்ணாவத கழட்டுனா இன்ஜின் தள்ளாடுது, ரெண்டாவத கழட்டுனா அணைஞ்சே போகப் பாக்குது, மூணாவத கழட்டுனா ஒரு மாத்தமும் இல்ல. அப்போ மூணாவது தான் சும்மா கெடக்கு. இது டிஸ்ட்ரிபியூட்டர் (ஒரே காயில்ல இருந்து ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரம் பிரிச்சு அனுப்புறது) வெச்ச பழைய கார்புரேட்டர் வண்டிக்கு மட்டும். புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர், தனித்தனி காயில் இருக்கிற வண்டியில இத பண்ணாதீங்க, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டர்க்குள்ள போய் அதையும் கெடுத்துடும், அதுங்களுக்கு ஸ்கேனர் போட்டாலே பெரும்பாலும் எந்த சிலிண்டர்னு காட்டிடும்.

அப்புறம் ஒண்ணாவது பிளக்கயும் மூணாவது பிளக்கயும் இடம் மாத்துனேன், மிஸ்ஸிங் மூணுலயே நின்னுச்சு, பிளக் இல்ல. ஒயர மாத்துனேன், அதுவும் இல்ல. அண்ணன் பட்டறையில இருந்து சிலிண்டருக்குள்ள அழுத்தம் பாக்குற கம்ப்ரஷன் கேஜ் வாங்கிட்டு வந்து பாத்தா மூணு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டுது, அத பாத்ததும் தான் எனக்கு மூச்சே வந்துச்சு, ஏன்னா கேஸ்கட், வால்வ் ரெண்டும் நல்லா இருக்குன்னு அந்த முள்ளு சொல்லிடுச்சு, பெல்ட் மார்க்க ஏற்கனவே பாத்தாச்சு.

தீப்பொறி இருக்கு, அழுத்தம் இருக்கு, அப்போ மிச்சம் காத்தும் பெட்ரோலும் தான். இங்க தான் நான் முதல் நாளே பாத்தும் யோசிக்காம விட்ட ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு, ஐடிலிங்ல தான் உதறல், கொஞ்சம் ரேஸ் பண்ணா வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுது. ஐடிலிங்ல த்ராட்டில் (காத்து போற வழியில இருக்கிற கதவு) கிட்டத்தட்ட மூடி இருக்கிறதால மேனிஃபோல்டுக்குள்ள (காத்தும் பெட்ரோலும் சிலிண்டர்களுக்கு போற குழாய்) உறிஞ்சுற சக்தி ரொம்ப அதிகம், உள்ள போற காத்தோ ரொம்ப கம்மி, அந்த நேரத்துல எங்கயாவது ஒரு சின்ன சந்து இருந்தா அது வழியா திருட்டுக் காத்து புகுந்து அந்த சிலிண்டருக்கு வர்ற பெட்ரோல் கலவை பத்தாம போயிடும், எரியாது. த்ராட்டில் தொறந்தா அந்த சந்து ஒரு பொருட்டே இல்ல. மூணாவது பிளக்க கழட்டி வெயில்ல காட்டுனேன், மத்த ரெண்டும் காபிப்பொடி நிறத்துல இருக்க இது மட்டும் வெளுத்து சாம்பலா இருந்துச்சு.

தலைக்கு தண்ணி அடிக்கிற ஸ்பிரே பாட்டில் ஒண்ணு வீட்டுல இருந்துச்சு. கார்புரேட்டர் கிளீனர் தான் நிறைய பேர் அடிப்பாங்க, சூடான இன்ஜின் மேல அது தீ புடிக்கும், எனக்கு பயம், அதனால தண்ணி தான், அதுவும் பிளக் ஒயர் பக்கம் படாம. இன்டேக் மேனிஃபோல்டு ஹெட்டோட சேர்ற ஓரத்துல கொஞ்சம் கொஞ்சமா அடிச்சுகிட்டே வந்தேன், ஒண்ணு கிட்ட ஒண்ணும் இல்ல, ரெண்டு கிட்ட ஒண்ணும் இல்ல, மூணு கிட்ட அடிச்சதும் சர்ருனு தண்ணிய உள்ள இழுத்துச்சு, ரெண்டு செகண்டுக்கு இன்ஜின் சத்தம் மாறுச்சு. மறுபடி அடிச்சேன், மறுபடி மாறுச்சு. அங்கயே நின்னுட்டேன் கொஞ்ச நேரம்.

நட்டு லூஸா இருக்கும்னு டைட் பண்ணி பாத்தேன், பிரயோஜனம் இல்ல. கூலன்ட் வடிச்சு மேனிஃபோல்ட கழட்டுனா, மூணாவது ஓட்டைக்கு கீழ, மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருந்த பழைய பேக்கிங்ல இருந்து சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு கருப்பு செதில் அலுமினியத்தோட ஒட்டிகிட்டு இருக்கு. ஹெட் பக்கத்த லேத்துல சுத்தம் பண்ணிட்டாங்க, மேனிஃபோல்டு பக்கத்த நான் துணியால தொடச்சதோட விட்டுட்டேன். புது பேக்கிங் அந்த செதில் மேல ஏறி உக்காந்ததால ரெண்டு பக்கமும் மயிரிழை சந்து. சவரம் பண்ற பிளேட படுக்க வெச்சு, அலுமினியம் கீறாம, அத எடுக்க மட்டும் அரை மணி நேரம் ஆச்சு. வேற புது பேக்கிங் வாங்கி போட்டு மாட்டுனேன்.

ஸ்டார்ட் பண்ணதும் அம்மா உள்ள இருந்து வெளிய வந்து "சத்தம் மாறிடுச்சே"ன்னாங்க. அன்னைக்கு சாயந்திரமே அவங்கள ஏத்திகிட்டு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்கு போனோம், பூசணிக்காய் விளக்கு ஏத்திட்டு வந்தாங்க. அடுத்த ஞாயிறு தொப்பூர் இறங்கி, கீழ திருப்பி, அதே ஏத்தம் ஏறுனேன், சூடு முள்ளு பாதிக்கு மேல போகல. ஹீட்டர் ஹோஸ் ரெண்டும் பழசு, ஓரத்துல வெடிப்பு தெரியுது, இந்த வாரம் மாத்தணும்.